தேயிலையோடு காய வைத்த ஸ்பீக்கர் பெட்டி

1

எனக்கு அரிக்கிறது. ஃபைபர் என்கிற கண்ணாடி நாரை வெட்டி, ஒட்டி, தேய்த்துப் பிழைக்கிறவனுக்கு முழங்கையிலும் கழுத்திலும் எந்நேரமும் அரிப்பு இருக்கும். வெந்நீரில் குளித்தால் தூசி இன்னும் உள்ளே இறங்கும், பச்சைத் தண்ணீரில்தான் குளிக்க வேண்டும். டாக்டரிடம் போனால் வேலையை மாற்றிப் பார்க்கலாமே என்கிறார். அவருக்கென்ன, சொல்லிவிட்டார்.

ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரத்துக்கு நாங்கள் வந்து இந்த மாதத்தோடு பன்னிரண்டு வருடம். மனைவி கோகிலா கேசரி கிண்டினாள். மகள் நிலா ஒரு வாய் வைத்துவிட்டு, "ஸ்வீட் ஜாஸ்திப்பா" என்று தட்டைத் தள்ளினாள். நான் முழுத் தட்டையும் தின்றேன். கொண்டாட்டம் அத்தோடு முடிந்தது. எனக்குக் கொண்டாடும் மனசும் இல்லை. அந்த வாரம்தான் என் பட்டறைக்கு ஒரு மனிதர் வந்து போயிருந்தார்.

முதலில் என் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் பிக்கப் என்று சொல்லும் வண்டியை இங்கே யூட் என்பார்கள். சுரங்கத்தில் வேலை செய்கிற பையன்கள் இரண்டு வாரம் மண்ணுக்குள் கிடந்துவிட்டு ஒரு வாரம் வெளியே வருவார்கள். வந்ததும் சம்பாதித்ததை எல்லாம் யூட்டில் கொட்டுவார்கள். சீட்டுக்குப் பின்னால் ஒரு சாண் இடம்தான் இருக்கும். அதற்குள் இரண்டு பெரிய ஸ்பீக்கரை அடக்கி, பின்சுவரின் வளைவுக்கு ஒத்துப் போகிற மாதிரி ஃபைபரில் பெட்டி செய்து தர வேண்டும். கதவுப் பலகை, டேஷ்போர்டு, கப் வைக்கிற குழி எல்லாமே ஃபைபர்தான்.

வண்டியின் பின்சுவரில் டேப் ஒட்டி, அதன்மேல் நார் விரிப்பைப் போட்டு, ரெசின் என்கிற பிசினைப் பூசி அச்சு எடுப்பேன். ஸ்பீக்கர் உட்காரும் வளையங்களை மரத்தில் அறுத்து நிறுத்தி, பனியன் துணி மாதிரியான ஒரு துணியை அதன்மேல் இழுத்துக் கட்டுவேன். துணியில் ரெசினை ஊற்றினால் அந்த வளைவு அப்படியே இறுகி நிற்கும். பிறகு இன்னும் நார், அதன்மேல் மேடுபள்ளம் மூடப் பட்டி, பிறகு உப்புத்தாள். தேய்ப்பதுதான் வேலையில் முக்கால்வாசி. நன்றாக வந்தால் அழகாகத்தான் இருக்கும், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அதை யாரும் பாட்டுக் கேட்கச் செய்துகொள்வதில்லை. சிக்னலில் நிற்கும்போது பக்கத்துக் காரின் கண்ணாடி அதிர வேண்டும், அதில் உட்கார்ந்திருக்கிற கிழவி திடுக்கிட வேண்டும். அதற்காக நான் இத்தனை வருடமாகச் சொறிந்துகொண்டிருக்கிறேன்.

2

என் பெயர் தியாகராஜன். இங்கே டியாகோ. முதல் வருடம் திருத்தினேன், இரண்டாவது வருடம் விட்டுவிட்டேன். பக்கத்துப் பட்டறைக்காரன் ஒருநாள் 'சாயங்காலம் வீட்டுக்கு டீக்கு வா' என்றான். டீதானே என்று வீட்டில் வயிறு முட்ட சாப்பிட்டுவிட்டுப் போனேன். இவர்களுக்கு டீ என்றால் ராச்சாப்பாடாம். பெரிய தட்டில் ஆட்டுத் தொடையையும் உருளைக்கிழங்கையும் வைத்தார்கள். தேயிலைக்குள்ளேயே பிறந்து வளர்ந்தவனை டீக்குக் கூப்பிட்டு, கடைசி வரை ஒரு டம்ளர் டீ கொடுக்கவில்லை.

நிலாவுக்குப் பள்ளியில் 'என் அப்பாவின் ஊர்' என்று ஒரு கட்டுரை. நீலகிரி என்று தேடி, பொம்மை ரயில், ரோஜாத் தோட்டம், பச்சைப் பட்டு விரித்த தேயிலைச் சரிவு என்று படங்களாக ஒட்டி வைத்திருந்தாள். நாங்கள் இருந்தது தோட்டக் கூலிகளுக்கான லயத்தில், ஒரே அறை, ஜன்னல் கிடையாது என்றேன். "காட்டேஜ் மாதிரியாப்பா?" என்றாள். ஆமாம் என்று சொல்லிவிட்டு எழுந்துவிட்டேன். பிறகு அதை நினைத்து எனக்கே அருவருப்பாக இருந்தது.

எனக்கு ஒரே அக்கா, தவமணி. நாங்கள் இலங்கைத் தோட்டத்திலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட குடும்பம். அக்கா அங்கே பிறந்து, கவுன் போட்ட வயதில் கப்பலில் வந்தவள். நான் நீலகிரிக்கு வந்த பிறகு, குந்தா பக்கம் பிக்கட்டியில் பிறந்தேன். அப்பாவும் அம்மாவும் சீக்கிரம் போய்ச் சேர்ந்தார்கள். இப்போது அக்கா கூடலூர் பக்கம் ஒரு எஸ்டேட்டில், பிள்ளைக் காம்பராவில் ஆயாவாக இருக்கிறாள். கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள் குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் இடம் அது.

அவளை இங்கே மூன்று மாதம் வைத்துக்கொள்ள ஆசைப்பட்டு விசாவுக்குப் போட்டேன். என் சம்பாத்தியம், என் வீடு, என் வரி எல்லாவற்றுக்கும் காகிதம் கேட்டார்கள், கொடுத்தேன். அவளைக் கோயம்புத்தூருக்கு அலைய வைத்து, வேலை செய்து தேய்ந்துபோன பத்து விரலையும் மெஷினில் வைத்து அழுத்தச் சொன்னார்கள். ரேகை சரியாக விழவில்லை என்று மறுபடி வரச் சொன்னார்கள். எல்லாம் முடித்த பிறகு, சொந்த நாட்டுக்குத் திரும்பிப் போவதற்குப் போதுமான காரணங்கள் இவருக்கு இருப்பதாகத் தெரியவில்லை என்று மறுத்துவிட்டார்கள். அதை அக்காவுக்குத் தமிழில் சொல்லும்போது எனக்கு வாய் கூசியது.

"சொந்த நாடுன்னா எதைச் சொல்றாங்க? கப்பல் ஏறுனதா, எறங்குனதா?" என்று கேட்டாள். "விடுடா. ரெண்டு நாட்டைப் பாத்தாச்சி. மூணாவது எனக்கு எதுக்கு?"

3

பிக்கட்டியில் ஒரு தனியார் டீ ஃபேக்டரி இருந்தது. சுற்றுவட்டாரச் சிறு தோட்டக்காரர்கள் பறிக்கிற கொழுந்தை வாங்கித் தேயிலை ஆக்குகிற ஃபேக்டரி. முதலாளி கோயம்புத்தூர் பக்கத்துக்காரர். அவர் பெயரைச் சொல்லப்போவதில்லை, முதலாளி என்றே வைத்துக்கொள்வோம். அக்கா அங்கே தேயிலை சலிக்கும் அறையில் வேலை பார்த்தாள்.

அந்த அறைக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. தேயிலை பக்கத்தில் இருக்கிற எந்த வாசனையையும் பிடித்துக்கொள்ளும். அதனால் பெண்கள் பூ வைத்துக்கொண்டு உள்ளே போகக்கூடாது. வாசனை எண்ணெய், பவுடர், வெற்றிலை எதுவும் ஆகாது. கருவாட்டுக் குழம்பு கொண்டுவந்தால் டிபன் பாக்ஸை விறகுக் கொட்டகையில் வைத்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். எந்நேரமும் பனி கொட்டுகிற ஊரில் சளி பிடித்தாலும் தைலம் தேய்த்துக்கொள்ளக்கூடாது. ஊர் முழுக்க யூகலிப்டஸ் தைலம் காய்ச்சுகிறார்கள், சலிக்கிற பெண்களுக்கு மட்டும் அது விஷம். அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டே வேலை செய்வாள், வீட்டுக்கு வந்துதான் தைலப் புட்டியைத் திறப்பாள்.

நான் மேட்டுப்பாளையத்தில் ஒரு ஃபைபர் பட்டறையில் தொழில் கற்றேன். பூங்காக்களில் வாயைப் பிளந்துகொண்டு நிற்குமே பென்குயின் குப்பைத் தொட்டி, அதைத்தான் செய்தோம். எத்தனை பென்குயின் செய்தேன் என்று எனக்கே தெரியாது. பட்டறையை மூடியதும் ஊருக்குத் திரும்பினேன்.

திரும்பிய நேரம் தேயிலை விலை விழுந்து கிடந்த நேரம். இன்றைக்கு எழும், நாளைக்கு எழும் என்று வருடக் கணக்கில் எழவே இல்லை. தோட்டக்காரர்கள் சாயங்காலம் மூட்டையோடு ஃபேக்டரி வாசலில் வந்து நிற்பார்கள். "இன்னைக்கு இவ்வளவுதான் எடுப்போம்" என்று பாதிப் பேரைத் திருப்பி அனுப்புவார்கள். திருப்பி எடுத்துப்போக வண்டிக் கூலி கட்டாது என்று ரோட்டோரத்திலேயே கொட்டிவிட்டுப் போவார்கள். மறுநாள் அது கறுத்துப்போய்க் கிடக்கும். பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நிறுத்தினார்கள். பசுமாட்டை விற்றார்கள்.

அந்த நேரத்தில்தான் முதலாளி புத்தம்புது பிக்கப் வாங்கினார். தோட்டம் தோட்டமாகப் போய்க் கொழுந்து மூட்டை ஏற்றி வர என்று சொல்லி வாங்கினார். அதில் ஒரு மூட்டைகூட ஏறி நான் பார்த்ததில்லை. மேட்டுப்பாளையத்தில் நான் ஃபைபர் வேலை செய்தது எப்படியோ அவர் காதில் விழுந்திருக்கிறது. கூப்பிட்டுவிட்டார்.

"ஏந்தம்பி, உள்ளார பூராத்தையும் மாத்திப் போடோணும். டேஷ்போர்டு, கதவு, சீட்டுக்குப் பொறகால ரெண்டு பெரிய ஸ்பீக்கரு. குன்னூர் எறங்கறப்போ பாட்டு நெஞ்சுல இடிக்கோணும், ஆமா!"

எனக்கு வேலை வேண்டியிருந்தது. அவருடைய வண்டிக் கொட்டகையிலேயே ஆரம்பித்தேன். துணியை இழுத்துக் கட்டி ரெசினை ஊற்றினால், காலையில் ஊற்றியது சாயங்காலமும் பிசுபிசுவென்று கையோடு வருகிறது. குந்தா பனியில் ரெசின் இறுகாது. இறுகுவதற்குச் சேர்க்கிற ஹார்ட்னரைக் கூட்டிப் போட்டால் வெடித்துவிடும். நாலு பக்கமும் பல்பைக் கட்டித் தொங்கவிட்டுப் பார்த்தேன், கரண்ட் போனது. முதலாளிக்குப் பொறுமை போய்விட்டது.

4

"சூடுதானே வேணும்? மேல ஏத்து" என்று ஃபேக்டரியின் மேல்மாடியைக் காட்டினார்.

கொழுந்தை வாடப் போடுகிற மாடி அது. கீழே அடுப்பிலிருந்து வருகிற வெதுவெதுப்பான காற்றை நீளநீளமான தொட்டிகளுக்கு அடியில் விடுவார்கள். தொட்டி நிறையப் பச்சைக் கொழுந்து பரப்பியிருக்கும். ரெசினின் நெடி தெரிந்தவர்களுக்குத் தெரியும், ஒரு டம்ளர் ஊற்றினால் வீடு முழுக்க நிற்கும்.

"அங்க வேணாங்க முதலாளி" என்றேன். "கொழுந்துல இந்த நாத்தம் ஒட்டிக்கும்."

"ஒட்டுனா ஒட்டட்டும் போ. இப்ப விக்கிற வெலைக்கு வாசம் இருந்தா என்ன, இல்லாட்டி என்ன?"

இரண்டு ஆட்களை விட்டு அவரே ஏற்றச் சொன்னார். பெட்டி, இரண்டு கதவுப் பலகை, டேஷ்போர்டு எல்லாம் வாரக் கணக்கில் அந்த மாடியில் கொழுந்துக்கு நடுவில் கிடந்தன. நன்றாகத்தான் இறுகின. கீழே சலிக்கிற பெண்கள் தலைவலி என்றார்கள். பூ வாசம் ஆகாது என்று கொண்டையை அவிழ்த்துப் பார்க்கிற சூப்பர்வைசர், மாடியிலிருந்து இறங்குகிற நெடிக்கு மட்டும் மூக்கைப் பொத்திக்கொண்டு நடந்தார். நான் பட்டி பார்த்து, தேய்த்து, சிவப்பு ரெக்சின் ஒட்டி, வண்டியில் பொருத்திக் கொடுத்தேன். முதலாளி பாட்டைப் போட்டுக்கொண்டு மஞ்சூர் வரை போய் வந்தார்.

பிறகு குன்னூர் ஏலத்துக்குப் போன தேயிலை திரும்பி வந்தது. சுவை பார்க்கிறவர் வாயில் வைத்ததும் துப்பிவிட்டாராம். அடுத்ததும் திரும்பியது. ஃபேக்டரியில் கொழுந்து எடுப்பதை நிறுத்தினார்கள். தோட்டக்காரர்கள் வாசலில் கூடிவிட்டார்கள், அத்தனை பேரும் மூட்டையோடு. விலை விழுந்ததற்குக்கூட அப்படிக் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. முதலாளிக்கு உடனே யாரையாவது காட்ட வேண்டியிருந்தது.

சலிக்கிற பெண்களை எல்லாம் வெளியே கூப்பிட்டு வரிசையாக நிறுத்தினார். சூப்பர்வைசர் ஒவ்வொருத்தியாக முகர்ந்தார். கையை, தலையை, சேலைத் தலைப்பை. அக்காவிடம் வந்ததும் நின்றார். அவளுக்கு ஒரு வாரமாகச் சளி, மூக்கு சிவந்திருந்தது.

"இவகிட்ட தைல வாசம் வருதுங்க" என்றார்.

சூப்பர்வைசரே நெஞ்சிலும் மூக்கிலும் காலையில் தேய்த்த தைலம் எனக்கே பத்தடிக்கு அடித்தது. அவர் மூக்கில் அவர் வாசம்தான் இருந்திருக்கும்.

முதலாளி வாசல் படியில் ஏறி நின்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "பாத்துக்குங்க. இவ ஒருத்தி தைலம் தேச்சுட்டு உள்ளார போனதுக்கு, இன்னைக்கு இத்தன குடும்பத்துக் கொழுந்து ரோட்டுல கெடக்குது."

நான் கத்தினேன். "அது தைலம் இல்ல. ரெசின். இவரு பிக்கப்பு சாமான மேல காய வெச்சாரு. நாந்தான் செஞ்சேன், எனக்குத் தெரியும். அவ எங்க அக்கா, அவ தைலம் தேய்க்கல." வண்டி அங்கேதான் நின்றது. ஓடிப்போய்க் கதவைத் திறந்து வைத்தேன். "வந்து மோந்து பாருங்க. இந்த வாசமா இல்லையான்னு நீங்களே மோந்து பாருங்க."

ஒருவர்கூட வரவில்லை. பத்தடி தூரம். என் அப்பாவோடு சேர்ந்து வேலை செய்தவர்கள் அதில் இருந்தார்கள். எங்கள் லயத்துக்குக் காய்கறி கொடுத்தவர்கள் இருந்தார்கள். ஒரு பெரியவர் மட்டும் வந்தார். முகர்ந்து பார்க்க வரவில்லை. கதவைச் சாத்தினார்.

"தம்பி, இவுரு எடுக்கலைன்னா நாளைக்கு எங்க கொழுந்த யாரு எடுப்பா? நீ எடுப்பியா? சும்மா இரு" என்றார்.

முதலாளியைவிட அந்தக் கூட்டத்தின்மேல் எனக்கு அன்று ஏற்பட்ட அருவருப்பு பெரியது. இன்னும் அது போகவில்லை, மறைப்பதற்கு ஒன்றுமில்லை.

அக்கா அழவில்லை. கையை முன்னால் நீட்டியபடியே நின்றவள், "நான் வேணும்னா கையக் கழுவிட்டு வந்து இன்னொருக்கா காட்டட்டுங்களா?" என்று கேட்டாள்.

ஃபேக்டரி வேலை அன்றோடு போனது. அது போனால் போகட்டும். தோட்டங்களில் கூலிக்குப் போனால், "தைலக்காரி தொட்டா கொழுந்து நாறும்" என்று சிரித்துக்கொண்டே திருப்பி அனுப்பினார்கள். பொண்ணு பார்த்துவிட்டுப் போயிருந்த ஒரு வீட்டுக்காரர்கள் பிறகு வரவில்லை. தைலக்காரி என்பதே பெயராகிவிட்டது. தண்ணீர் பிடிக்கப் போனால் சின்னப் பிள்ளைகள்கூட அப்படிக் கூப்பிட்டன. அந்த மழைக்காலம் முடியும் முன்பே அவள் யாரையும் தெரியாத கூடலூர்ப் பக்கம் போனாள். நான் ஷார்ஜாவுக்குப் போய், மணலில் ஓட்டுகிற பெரிய ஜீப்புகளுக்குள் ஸ்பீக்கர் பெட்டி செய்தேன். அங்கிருந்து இங்கே.

5

போன வாரம் ஒரு பையன் புது யூட்டை ஓட்டிக்கொண்டு பட்டறைக்கு வந்தான். பெயர் அரவிந்த். சுரங்கக் கம்பெனியில் இன்ஜினியர். சீட்டுக்குப் பின்னால் பெட்டி வேண்டும், நடுவில் கன்சோல் வேண்டும் என்றான். தமிழ் முகம், தமிழ்ப் பேச்சு, சந்தோஷமாகத்தான் இருந்தது. "அப்பா ஊர்ல இருந்து வந்திருக்கார்ண்ணா, வண்டியிலதான் இருக்கார்" என்றான்.

அப்பா இறங்கினார். பெர்த் வெயிலில் ஸ்வெட்டர், வெள்ளை ஷூ. முடி கொட்டியிருந்தது, தொந்தி இல்லை. ஆனாலும் நடையைப் பார்த்ததும் பிக்கட்டி முதலாளி என்று தெரிந்துவிட்டது. அவருக்கு விசா கொடுக்க யாரும் காரணம் கேட்கவில்லை போலிருக்கிறது. நான் அப்போதுதான் டப்பாவில் ரெசினும் ஹார்ட்னரும் கலந்து வைத்திருந்தேன்.

என்னைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "அடக் கண்ணு! நம்ம தியாகுதானே நீயி?" என்று கையைப் பிடித்துக்கொண்டார். மகனிடம் திரும்பினார். "அரவிந்து, இவன்தான்டா நம்ம மொத பிக்கப்புக்கு ஸ்பீக்கரு பண்ணிக்குடுத்தவன். நீயி அப்ப ஊட்டியில ஹாஸ்டல்ல இருந்தே. அந்தப் பனியில சாமான் காயவே மாட்டீங்குது. நானென்ன பண்ணுனேன், தூக்கி ஃபேக்டரி மாடியில கொழுந்துக்கு நடுவால வெச்சுப்போட்டேன்! ஜம்முனு காஞ்சுது. ஆனா தேயில பூராவும் நாறிப்போச்சு. குன்னூர்ல வாயில வெச்சவன் துப்பிப்போட்டான்!"

சொல்லிவிட்டுக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். மகனும் சிரித்தான். இத்தனை வருடமாக ஒரு நினைப்பில் இருந்தேன். 'ஒட்டட்டும்' என்று எரிச்சலில் சொன்னாலும் நெடி உண்மையிலேயே ஒட்டும் என்று அவர் நம்பாமல் இருந்திருக்கலாம், தைலம்தான் என்று நினைத்திருக்கலாம் என்று. அப்படியே வைத்துக்கொண்டிருந்தால்கூட கொஞ்சம் நிம்மதியாக இருந்திருப்பேன். அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. இப்போது அது வீட்டில் சொல்லிச் சிரிக்கிற கதை.

"அன்னைக்கு ஒரு பொம்பளைய வாசல்ல நிக்க வெச்சீங்களே" என்றேன்.

"ஆமாமா, தைலம்!" என்றார், சிரிப்பு இன்னும் அடங்காமல். "கூட்டம் அப்பிடி நிக்குது. ஏதோ ஒண்ணு சொல்லோணுமல்லோ? ஆரு அந்தப் புள்ள? பேரே மறந்துபோச்சு."

"தவமணி. எங்க அக்கா."

"உங்க அக்காவா? அடடா, அப்பவே சொல்லீருக்கலாமல்ல தம்பி!"

நான் கத்தியது, கதவைத் திறந்தது எதுவுமே அவருக்கு நினைவில் இல்லை. தேயிலை நாறியது நினைவிருக்கிறது, ஸ்பீக்கர் நினைவிருக்கிறது. கலந்து வைத்த ரெசின் பூசாமல் விட்டதில் டப்பாவிலேயே புகைந்து கட்டியாகிப் போனது. தூக்கி எறிந்தேன். கையில் தூசியும் பசையுமாக அவரைப் பிடித்து உலுக்கலாமா என்று தோன்றியது. எழுபது தாண்டிய ஆள்.

"அரவிந்த், பெட்டி செஞ்சு தர்றேன்" என்றேன். "அப்பா எங்க அக்காகிட்ட போன்ல ஒரு வார்த்தை சொல்லணும். அது உன் தப்பில்லைன்னு. அவ்வளவுதான்."

பையன் முகம் சிறுத்துவிட்டது. அவனுக்கு ஒன்றும் புரியவில்லை, பாவம். புரிந்துகொள்ளவும் விரும்பவில்லை. "சொல்லிடுங்களேன்ப்பா, என்ன இப்ப" என்றான்.

"இதென்ன பெரிய சங்கதி? போடு போன" என்றார் முதலாளி.

6

வீடியோவில் கூப்பிட்டேன். ஊரில் மத்தியானம். அக்கா பிள்ளைக் காம்பராவில் இருந்தாள். பின்னால் குழந்தைகள் கத்துகிற சத்தம், ஒன்று அவள் தோளில் கிடந்தது. "அக்கா, பிக்கட்டி முதலாளி இங்க வந்திருக்காரு, உங்கிட்ட பேசணுமாம்" என்று சொல்லிப் போனை அவர் கையில் கொடுத்தேன்.

அக்கா எழுந்து நின்றாள். குழந்தையைத் தோளில் போட்டபடி எழுந்து, "கும்புடுறேனுங்க முதலாளி" என்றாள். அதைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. போனைப் பிடுங்கிக்கொள்ளலாம் என்று கை போனது.

"ஏனுங் அம்மிணி, சௌக்கியமா?" என்றார் அவர். "அப்ப ஒரு சங்கதி நடந்துபோச்சல்ல, அது உம்பட தப்பில்ல. நாந்தான் அந்த நேரத்துக்கு ஒரு பேச்சுச் சொல்லிப்போட்டேன். மனசுல வெச்சுக்காத, என்ன?"

நான் கேட்டது அதுதான். ஒரு வார்த்தை கேட்டேன், நாலு வார்த்தையாகவே சொல்லிவிட்டார். அக்கா தோளில் இருந்த குழந்தையை இறக்கிவிட்டாள். அது அவள் சேலையைப் பிடித்து இழுத்தது. தலைப்பைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்தாள்.

"எனக்கு எதுக்குங்க சொல்றீங்க?" என்றாள். "நான் தைலம் தேய்க்கலைன்னு எனக்குத் தெரியுமே. அன்னைக்கே தெரியும். தெரியாதவங்க எல்லாம் அங்க வாசல்ல நின்னாங்க. ஊருக்குப் போனீங்கன்னா அவங்ககிட்ட சொல்லுங்க முதலாளி. எனக்கு ஒரு சேதி மட்டும் அனுப்புங்க. நான் பஸ் ஏறி வந்து பக்கத்துல நிக்கிறேன்."

முதலாளி போனைக் காதருகே கொண்டுபோனார். ஆட்டிப் பார்த்தார்.

"லைன் சரியில்ல தம்பி. ஒண்ணுமே கேக்கல" என்று என்னிடம் நீட்டினார்.

போனில் அக்காவின் முகம் தெளிவாகத் தெரிந்தது. பின்னால் ஒரு குழந்தை இருமியதுகூடக் கேட்டது. அவள் அவரையே பார்த்துக்கொண்டு பதிலுக்குக் காத்திருந்தாள். நான் போனை வாங்கி, பிறகு பேசுகிறேன் என்று சொல்லி வைத்தேன்.

பெட்டி செய்ய முடியாது என்று அரவிந்திடம் சொல்லிவிட்டேன். "அவர்தான் சொல்லிட்டாரேண்ணா" என்றான். சொன்னார்தான். வண்டிச் சாவியை அவன் கையில் திருப்பி வைத்தேன். அன்று மாலையே இணையத்தில் என் பட்டறைக்கு ஒற்றை நட்சத்திரம் போட்டு, மரியாதை தெரியாத இடம் என்று எழுதியிருந்தான். கோகிலா அதைப் படித்துவிட்டு, "பழசக் கிளறி வந்த வேலையக் கெடுத்துக்கிட்டீங்க" என்றாள். நிலா மட்டும், "அத்தை அப்புறம் ஏன் அந்த ஊருக்குப் போகவே இல்ல?" என்று கேட்டாள். சொன்னேன், முழுக்கச் சொன்னேன். லயத்துக்கு ஜன்னல் இல்லாததையும் சேர்த்துச் சொன்னேன். காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிவிட்டுக் கேட்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அக்காவோடு பேசினேன். முதலாளி மறுபடி பேசினாரா என்று அவள் கேட்கவில்லை. லைன் நன்றாகத்தான் இருந்தது என்பது அவளுக்கும் தெரியும்.

"அவரு சொல்ல மாட்டாருடா" என்றாள். "நீ இதையெல்லாம் எழுதுறியாமே, நிலா சொன்னா. அந்தப் பக்கத்து ஆளுங்க படிப்பாங்களா?"

படிப்பார்களா என்று எனக்குத் தெரியாது. படிப்பவர்களுக்குச் சொல்கிறேன். பிக்கட்டியில் அன்று மூட்டையோடு நின்றவர்களே, அவர்களுடைய பிள்ளைகளே, அன்று உங்கள் தேயிலையில் நாறியது என் ரெசின். கொண்டுபோய் மாடியில் வைத்தவர் முதலாளி. அவர் வாயாலேயே சொல்லிச் சிரித்ததை நான் காதால் கேட்டேன். என் அக்கா தவமணி தைலம் தேய்க்கவில்லை. ஃபேக்டரியை மூடிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன், ஆனால் வாசல் அங்கேதான் இருக்கிறதாம். எல்லோரும் வர வேண்டாம், நாலு பேர் கூடினால் போதும். நாளைச் சொல்லுங்கள், அவள் கூடலூரிலிருந்து பஸ் ஏறி வந்து நிற்பாள்.